ஒரு காலுக்கு இரண்டு கையெழுத்து

பட்டாளத்தாருடைய புதுக் கால் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. தேர்தல் அறிவிப்பு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. பட்டாளத்தார் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். எல்லா வினையும் அந்தக் கடைசி அரைமணி நேரத்தில்தான் இருந்தது.

பழைய கால் ஒழுங்காக இருந்திருந்தால் பத்தே முக்காலுக்கே வந்திருப்பார். பழைய கால் ஒழுங்காக இருந்தால் புதுக் கால் எதற்கு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிற ஆட்களையெல்லாம் பொறுக்கியெடுத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஏற்கெனவே வேலைக்கு வைத்தாகிவிட்டது. அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கைகால் போனவர்கள் வந்து போகிற அலுவலகத்துக்கு அந்த மாடியைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, சண்டையில் எதிரிப் பக்கம் இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

மொத்தம் முப்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் பழைய காலின் கிண்ணம் அவருடைய சதையைக் கடித்தது. கிண்ணம் என்றால் மிச்சக் காலைச் சொருகிக்கொள்கிற பிளாஸ்டிக் வாய். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எல்லையில் ஒரு மலைச்சரிவில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டது போக, அவருக்கு முட்டியும் அதற்குக் கீழே ஒரு சாணும் மிச்சமிருந்தது. கண்ணிவெடி ஒரு நொடியில் முடித்துவிட்டுப் போன வேலையை, விளிம்பில் விரிசல் விட்ட அந்தக் கிண்ணம் ஒரு வருஷமாக ஆற அமரச் செய்துகொண்டிருந்தது.

"சீழ் எலும்பு வரைக்கும் போயிட்டிருக்கு. அளவா ஒரு புதுக் கிண்ணம் மாட்டுனா பொழச்சுக்கும். அது வர்ற வரைக்கும் இதக் கழட்டி வீசிட்டு ஊன்றுகோல்ல நடங்க. இதையே மாட்டிட்டு நின்னீங்கன்னா, மூணே வாரம், முட்டியையும் எடுத்துருவேன்" என்று சர்ஜன் சொல்லியிருந்தார். "முட்டி இருக்கிற வரைக்கும் நீங்க நடக்கிற மனுஷன். அது போச்சுன்னா அப்புறம் நடக்கிறதெல்லாம் சர்க்கஸ்தான்."

முப்பத்தெட்டுப் படியை ஊன்றுகோலில் ஏற முடியாதென்றுதான் பட்டாளத்தார் அன்றைக்கு மட்டும் பழைய காலை மாட்டியிருந்தார். அவர் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் வேலை பார்த்தார். எட்டு மணி நேரமும் நின்றே பார்க்கிற வேலை. முதலாளி ஒரு மாதம் லீவு கொடுத்து, அதற்குமேல் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்.

அலுவலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிக்குள் கால் நின்றுகொண்டிருந்தது. பாலித்தீன் உறை, கழுத்தில் நம்பர் அட்டை, பளபளவென்று ஒரு பாதம். மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த கால். பட்டாளத்தார் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார்.

"சார், அது என்னோடதுதான். நம்பர் பாருங்க" என்றார்.

நல அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "உங்களோடதுதான். ஆனா குடுக்க முடியாது. தேர்தல் நடத்தை விதி வந்தாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் வாக்காளருக்கு எந்தப் பொருளக் குடுத்தாலும் குத்தம்."

"இது பொருள் இல்ல சார், காலு."

"காலும் பொருள்தான். நீங்களும் வாக்காளர்தான்."

"ரிசல்ட்டு எப்ப?"

"ஆறு வாரம்."

கூட வந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிட் புட்டிகளைக் கழுவி அடுக்குகிறவள். எதற்கும் கை நடுங்காது, வாயும் நடுங்காது. "ரெண்டு கட்சிக்காரனும் தெருத்தெருவா மைக் வச்சு, முன்னாள் வீரருக்குக் கால் குடுப்பேன், கை குடுப்பேன்னு கத்திட்டுப் போறான். அதெல்லாம் குத்தமில்லையா?"

"குடுப்பேன்னு சொல்றது குத்தமே இல்லம்மா. அது ஜனநாயகம். குடுக்கிறதுதான் குத்தம்" என்றார் அதிகாரி. "நான் இந்த நாற்காலியில பதினாறு வருஷமா இருக்கேன். ஒரு தப்பு நடந்ததில்ல. ஏன்னா, ஒண்ணுமே நடக்க விட்டதில்ல."

ஆனாலும் மனுஷனுக்கு ஈரம் இருந்தது. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். உடல்நலத்துக்கு அவசரமான பொருளாக இருந்தால், அந்தத் தொகுதியில் போட்டியிடுகிற வேட்பாளர்கள் எல்லாரும் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால், கொடுக்கலாம்.

"உங்க அதிர்ஷ்டம், இந்தத் தொகுதியில ரெண்டே பேருதான் நிக்கிறாங்க" என்றார்.

முதலில் காலேஜ்காரரிடம் போனார்கள். நான்கு கல்லூரி நடத்துகிறவர். பட்டாளத்தாரைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இடது கையால் அடித்தார். வலது கையில் போன் இருந்தது.

"கையெழுத்துதானே? அதுக்கென்ன, போட்டுருவோம். சாயங்காலம் கூட்டத்துக்கு வந்துருங்க. ஆனா இந்த ஊன்றுகோல் எல்லாம் வேண்டாம். பிச்சைக்காரர் மாதிரி தெரியும். உங்க பழைய காலையே மாட்டிட்டு விறைப்பா நில்லுங்க. அரை மணி நேரம்தான்."

அரைமணி என்றது இரண்டு மணியாயிற்று. மேடையில் போர்க்களம் போட்டிருந்தார்கள். மணல் மூட்டை, முள்கம்பி, கரி பூசிய அட்டை மலை. நாடகத் துறை மாணவர்கள் பத்துப் பேர் எதிரிகளாக நின்றார்கள். பட்டாளத்தார் தம் காலை இழந்த காட்சியைத் தாமே நடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். 'ஒரு தடவை இழந்தது போதாதா' என்று அவர் வாயைத் திறப்பதற்குள் வெடி வைத்துவிட்டார்கள்.

நாடக வெடி என்றுதான் சொன்னார்கள். ஆனால் வெடி வைத்தவர் கல்குவாரியில் வேலை பார்த்தவர். கொஞ்சமாக வைத்துப் பழக்கமில்லை. அட்டை மலை எரிந்து பறந்தது. எதிரிகளில் ஒருவனுக்குப் புருவமும் தலைமுடியும் பொசுங்கின. ஒலிபெருக்கிக் கம்பம் சாய்ந்து முதல் வரிசையில் இருந்த ஒருவரின் தோள்பட்டையை உடைத்தது. பட்டாளத்தார் மணலில் முகம் புதைத்துக் கிடந்தார். பதினொரு வருஷமாக மறக்கப் பாடுபட்ட சத்தம் அது. புருவம் போனவன் ஆத்திரத்தில் வசனத்தில் இல்லாத உதை ஒன்றை அவர் விலாவில் விட்டான். கூட்டம் கைதட்டியது.

காலேஜ்காரர் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"இந்தக் காலைப் பாருங்கள்! இல்லாத காலைப் பாருங்கள்! இந்த நாட்டின் மானத்துக்காக இன்னும் இதுபோல் ஆயிரம் கால்கள் போக வேண்டுமா? போகட்டும்! நான் அஞ்ச மாட்டேன்! நான் ஜெயித்து வந்தால் ஊனமுற்ற வீரர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக உயர்த்திக் காட்டுவேன்!"

உதவித்தொகை என்ற சொல் எழுதியிருந்த பக்கம் வெடியில் எரிந்துபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் முடிந்து பட்டாளத்தார் தாளை நீட்டியபோது காலேஜ்காரர் பேனாவைத் திறந்து, மூடினார்.

"மொதல்ல அவன் போடட்டும். நான் மொதல்ல போட்டா, கால நான் விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அன்று கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. மனைவி பேசாமல் கழுவினாள். அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அவருக்குத் தெரியும்.

எதிர்த்து நிற்கிற வேட்பாளரான பஸ் முதலாளியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் ஒருவரை நிறுத்தினால் இவர் நாற்பது பேரை நிறுத்த வேண்டாமா? தொகுதியில் இருந்த முன்னாள் வீரர்களையெல்லாம் ஒரு பஸ் பணிமனைக்குள் கூட்டி வந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தவர் கட்சியின் விளம்பரப் பொறுப்பாளர்.

"கால் போனவங்க முன்வரிசை. கை போனவங்க ரெண்டாவது வரிசை, சட்டைக் கைய மடிச்சு ஊசி குத்திக்கங்க. ஒத்தக் கண்ணு இருந்தா கருப்புக் கண்ணாடியக் கழட்டிருங்க, மறைக்காதீங்க. உங்களுக்கு என்ன போச்சு?"

கேட்கப்பட்டவர் வாட்டசாட்டமாக இருந்தார். ஒரு கீறல் கிடையாது. "ஒண்ணும் போகல சார். திடீர்னு சத்தம் கேட்டா மட்டும் நான் எங்க இருக்கேன்னு மறந்துரும். எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னும் தெரியாது."

"அது போட்டோவுல விழாதே. கடைசி வரிசை."

அந்த நேரம் பார்த்து வெளியே முதலாளியை வரவேற்கப் பட்டாசு வெடித்தார்கள். கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தவர் திரும்பினார். அடுத்த நொடி பொறுப்பாளர் தரையில் கிடந்தார்; அவர் கழுத்தின் மேல் இரண்டு பெருவிரல்கள் இருந்தன. ஐந்து பேர் சேர்ந்து பிய்த்து எடுப்பதற்குள் பொறுப்பாளரின் முகம் நீலம் பாரித்துவிட்டது. சத்தம் நின்றதும் அந்த மனிதர் தம் கைகளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பட்டாளத்தார்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

பொறுப்பாளருக்கு மூச்சு வந்ததும் முதல் வார்த்தை, "இவர முன்வரிசையில போடுங்க" என்பதுதான்.

பஸ் முதலாளி திறந்த வண்டியின் மேல் பட்டாளத்தாரைத் தமக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இங்கேயும் ஊன்றுகோல் கூடாது. முதலாளி எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை, நெஞ்சிலிருந்து பேசுகிறவர்.

"அவரு ஒரு கால் தருவாராம்! நான் ரெண்டு கால் தருவேன்! எனக்கு ராணுவம்னா உயிரு. சின்ன வயசுலேயே சேரணும்னு ஆசை. எங்கப்பா விடல, பஸ் யாரு பாக்கிறதுன்னாரு. எம் மகனும் கேட்டான், நான் விடல. ஏன்னா அவன் என் உயிரு. உயிர யாராவது சண்டைக்கு அனுப்புவாங்களா? அதுக்குன்னு இருக்கிறவங்கதான் போகணும். இந்தா, இவர மாதிரி!"

சொல்லிக்கொண்டே பட்டாளத்தாரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கிண்ணத்துக்குள் எலும்பு நறுக்கென்றது. கண் இருட்டியது. கீழே கூட்டம் 'ரெண்டு கால், ரெண்டு கால்' என்று கூவியது. பஸ் முதலாளியும் கையெழுத்துப் போடவில்லை. அவன் போடட்டும், பார்ப்போம் என்றார்.

அதற்குப் பிறகு தொகுதி சுவர்களில் கால்கள் பெருகத் தொடங்கின. காலேஜ்காரர் இரண்டு காலோடு பூட்ஸும் தருவதாக எழுதினார். பஸ் முதலாளி குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கால் என்றார். குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு நிருபர் கேட்டபோது, "இருக்கட்டும். போகும்போது வாங்கிக்கலாம்" என்று விளக்கம் வந்தது. இரவு ஒட்டிய சுவரொட்டியைப் பகலில் கிழித்தார்கள். கிழித்தவன் மண்டையை உடைத்தார்கள். உடைத்தவன் வீட்டுக் கதவைக் கொளுத்தினார்கள். வீரர்களின் நலனுக்காக அந்த வாரம் மட்டும் ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கால் என்னவோ அலமாரிக்குள்ளேயே நின்றது.

இரண்டாவது வாரக் கடைசியில் இரண்டு ஊர்வலங்களும் நாற்சந்தியில் மோதிக்கொண்டன. பட்டாளத்தார் பஸ் முதலாளியின் வண்டியில் இருந்தார். இல்லை, இருந்ததாகத்தான் நினைத்தார். காலேஜ்காரரின் ஆட்கள் பத்துப் பேர் ஏறி, "எங்க வீரர எங்க கிட்ட குடுங்கடா" என்று கால் பக்கமாக இழுத்தார்கள். பஸ் ஆட்கள் கை பக்கமாக இழுத்தார்கள். கால் பக்கம் இழுத்தவர்களுக்குக் கால் கிடைத்தது. பழைய கால் வாரோடு அறுந்து அவர்கள் கையோடு போயிற்று. மறுகணம் அது ஒருவன் தாடையில் இறங்கியது. இரண்டு பல் தெறித்தது. இன்னொருவன் அதைப் பிடுங்கி, அடித்தவன் முதுகிலேயே சாத்தினான். இரும்புக் கம்பியும் சோடா பாட்டிலும் இருக்கும்போது எல்லாருக்கும் அந்தக் காலே வேண்டியிருந்தது. பட்டாளத்தார் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கையும் ஓடவில்லை, இருக்கிற ஒரு காலும் ஓடவில்லை. எல்லையில் இருந்தபோது இந்த மாதிரி பயந்ததில்லை. அங்கே யார் எதிரி என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

பழைய கால் நாலு துண்டாகத் திரும்பி வந்தது. "நல்லதாப் போச்சு. இனிமே எவனும் இதை மாட்டச் சொல்ல மாட்டான்" என்றாள் மனைவி.

சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் தாங்கும். முட்டியக் காப்பாத்திரலாம். ஆனா சீக்கிரம் புதுசு வரணும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுவிட்டார்கள்.

நாற்சந்திச் சண்டையின் படம் பத்திரிகைகளில் வந்ததும் இரண்டு வேட்பாளர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வீரரை இழுத்துப் பிய்த்தவர்கள் என்ற பெயர் வந்தால் ஓட்டுப் போய்விடும். இரண்டு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் இரண்டு பேருமே அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'காலை என் கையால் வழங்குவதற்கு ஆட்சேபணை இல்லை.'

நல அதிகாரிக்குப் பதினாறு வருஷத்தில் முதல் முறையாக மூளை வேலை செய்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்துல பிடிச்சுக் குடுக்கட்டும். விதியும் மீறல, ரெண்டு நிபந்தனையும் நிறைவேறிடும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை பகல் பதினோரு மணி, அதே அலுவலகம், அதே இரண்டாவது மாடி.

பட்டாளத்தாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மனைவி ஊன்றுகோல்களோடு நின்றாள். கட்சிக்கு இருபது பேர் என்று பேசி, கட்சிக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். அதிகாரி அலமாரியைத் திறந்து காலை வெளியே எடுத்தார். உறையை உரித்தார். கேமராக்கள் தயாராயின.

அப்போதுதான் அதிகாரி ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டது தெரிந்தது. காலுக்கு மேல் பக்கம் கிண்ணம் இருக்கிறது. கீழ்ப் பக்கம் பாதம் இருக்கிறது. ஒருவர் கிண்ணத்தைப் பிடித்தால் இன்னொருவர் பாதத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

காலேஜ்காரர் பாய்ந்து கிண்ணத்தைப் பிடித்தார். பஸ் முதலாளியும் அதே கிண்ணத்தைப் பிடித்தார்.

"நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றார் காலேஜ்காரர்.

"நான் எதுக்குப் பாதத்தப் பிடிக்கணும்? ஓட்டுக்காக அடுத்தவன் காலப் பிடிச்சான்னு நாளைக்கே படத்தோட சுவர்ல ஒட்டுவீங்க."

"ஒரு வீரரோட பாதத்தத் தொடறது உங்களுக்குக் கேவலமா?"

"கேவலமில்லன்னா நீங்க தொடுங்க!"

"சார், நடுவுல பிடிங்க சார்" என்று அதிகாரி கெஞ்சினார். கெண்டைக்கால் பகுதியை அளக்க டேப் கொண்டுவரச் சொன்னார். சரிபாதி எங்கே வருகிறது என்று பார்த்து மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். கோட்டுக்கு மேலே யார், கீழே யார் என்று மறுபடி ஆரம்பித்தது. படுக்க வைத்துப் பிடிக்கலாம் என்றார். அப்படியானால் பாதம் யார் பக்கம் திரும்பியிருக்கும் என்றார்கள்.

"ஐயா, என் காலு. நானே எடுத்துக்கிறேன். யாரும் பிடிக்க வேண்டாம்" என்றார் பட்டாளத்தார்.

"நீங்க சும்மா இருங்க. இது உங்க விஷயமில்ல" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் தேர்தலில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

யார் முதலில் தள்ளினார்கள் என்று பின்னால் விசாரணைக் குழு எட்டு மாதம் ஆராய்ந்தது. காலேஜ்காரரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதோடு நூற்று நாற்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அலமாரிக் கண்ணாடி நொறுங்கி, உடைந்த சில்லு ஒன்று ஒருவன் காதைப் பாதியாக அறுத்தது. தட்டச்சு இயந்திரம் ஒன்று ஆள் தலைக்கு மேலே பறந்தது. அதிகாரி மேஜைக்கு அடியில் புகப் போனார். அங்கே ஏற்கெனவே பாதுகாப்புக்கு வந்த இரண்டு போலீஸ் இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். விதிப் புத்தகத்தாலேயே அவர் வாயில் ஓர் அடி விழுந்து முன்பல் மூன்று போயிற்று. வாசல் பக்கம் தள்ளப்பட்டவர்கள் முப்பத்தெட்டுப் படியிலும் உருண்டு போனார்கள். மனைவி நாற்காலிக்கு முன்னால் நின்று கிட்டே வந்தவன் எவனானாலும் ஊன்றுகோலால் விளாசினாள். நான்கு பேரைச் சாய்த்தாள். ஐந்தாவது ஆள் பின்னாலிருந்து வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான்.

அந்த இடைவெளியில்தான் புதுக் கால் யாரோ ஒருவன் கையில் உயர்ந்தது. அவன் எந்தக் கட்சி என்று தெரியாது. "வீரர்கள் வாழ்க" என்று கத்திக்கொண்டே எதிரே நின்றவனை நோக்கி ஓங்கினான். எதிரே நின்றவன் குனிந்துகொண்டான். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரால் குனிய முடியவில்லை. கால் அவர் முட்டியின் மேல் இறங்கியது. இரண்டாம் முறையும் இறங்கியது. முட்டிச் சில்லு உடைகிற சத்தம் அந்தக் கூச்சலிலும் மனைவிக்குக் கேட்டது.

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறலோடு சரி. அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்கள்.

சர்ஜன் மறுநாள் காலையில் தொடையின் பாதி வரைக்கும் எடுத்துவிட்டார். "சீழால போகல. அதையாவது நான் ஜெயிச்சிருந்தேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்தலில் யார் ஜெயித்தார் என்பது முக்கியமில்லை. பஸ் முதலாளி ஜெயித்தார். நடத்தை விதி முடிந்த மறுநாளே, சொன்ன சொல் தவறாதவராக, அதே காலைத் துடைத்து எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். கூடவே நாலு கேமரா, ஆறு தடியர்கள், வாயில் கட்டோடு நல அதிகாரி. இந்த முறை கிண்ணத்துப் பக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டார்.

சர்ஜன் குறுக்கே வந்தார். "சார், இது முட்டி இருக்கிறவங்க போடுற கால். இவருக்கு முட்டி இல்ல. எப்படி மாட்டுறது?"

"டாக்டர், சின்ன விஷயத்தப் பெரிசாக்காதீங்க. கால் கால்தானே. குடுத்தேன்னு பதிவாகணும், அவ்வளவுதான்" என்றவர், கேமரா பக்கம் திரும்பிக் குரலை மாற்றிக்கொண்டார். "அறுபது வருஷமாக எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் செய்தேன்! இந்த வீரர் நாளையே எழுந்து நடப்பார்!"

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். பட்டாளத்தார் வாசித்தார். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப இது எனக்குச் சொந்தமா சார்?"

"முழுசா ஒங்களுக்குத்தான். இனிமே இதுக்கு ஆபீஸ் பொறுப்பில்ல" என்றார் அதிகாரி, முன்பல் இல்லாத வாயால்.

பட்டாளத்தார் காலை வாங்கிக்கொண்டார். பாதத்தின் பக்கமாக இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். காகிதம் வெட்டிப் பழகிய கை. எங்கே இறக்க வேண்டுமோ அங்கேதான் இறக்கும். கட்டிலோரம் நின்று கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த பஸ் முதலாளியின், அதாவது புது உறுப்பினரின், வலது முட்டியில் கிண்ணத்தின் விளிம்பு இறங்கியது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே முட்டிச் சில்லு மூன்றாகப் போயிற்று. விழுந்தவர் போட்ட அலறலில் பக்கத்து வார்டில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தடியர்கள் ஆறு பேரும் கட்டிலில் ஏறி மிதித்தார்கள். பட்டாளத்தாருக்கு விலா எலும்பு மூன்று உடைந்தது. காலை மட்டும் அவர் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை.

உறுப்பினருக்கு நான்கே நாளில் வெளிநாட்டு உலோக முட்டி வந்தது. சக்கர நாற்காலியில் அவைக்குப் போன முதல் நாளே, மக்கள் பணியில் காயம்பட்ட பிரதிநிதிகளும் படைவீரர்களாகவே கருதப்படுவார்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இரண்டு கட்சியும் மேஜையைத் தட்டி ஆதரித்தன. பட்டியலில் முதல் பயனாளி அவரே. பட்டாளத்தாரின் பெயர், ஏற்கெனவே கால் பெற்றுக்கொண்டவர் என்பதால், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

விசாரணைக்கு அவரை எழுப்பிக்கொண்டு போக முடியாததால் மாஜிஸ்ட்ரேட்டே வார்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கட்டிலில் வெறும் துணி கிடக்கிற இடத்தைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எப்படியாவது தண்டனையைக் குறைக்கப் பார்த்தார்.

"செஞ்சது தப்புன்னு மனசுல இருந்தா சொல்லுங்க. வருத்தப்படுறீங்களா?"

தலைமாட்டில் நின்ற மனைவி பட்டாளத்தாரின் தோளில் கை வைத்தாள். அவள் நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"ஆமாங்கய்யா. ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு" என்றார். "உட்கார்ந்துகிட்டே அடிச்சிட்டேன். எனக்கு அந்த முட்டியும் இருந்திருந்தா, ஊன்றி எழுந்து நின்னு, மண்டையில அடிச்சிருப்பேன்."

மாஜிஸ்ட்ரேட் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, என்ன எழுதுவது என்று கேட்டார்.

"ரொம்ப வருத்தப்படுகிறார்னு எழுதுப்பா" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

எழுத்தர் எழுதினார். மனைவி அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவைக் கணவரிடம் கொடுத்தாள்.